முழங்காலும் மூன்று ஊசிகளும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஏழு சொற்கள் சாகும்வரை மறக்காது. பிழூ, காயூ, ஷூ, ழெனூ, இபூ, ழூழூ, பூ. நகை, கூழாங்கல், முட்டைகோஸ், முழங்கால், ஆந்தை, விளையாட்டுச் சாமான், பேன். 'ஊ' ஓசையில் முடிகிற பெயர்ச்சொற்களுக்குப் பன்மையில் 'எஸ்' போட வேண்டும், இந்த ஏழுக்கு மட்டும் 'இக்ஸ்'. காரைக்காலில் எங்கள் வகுப்பில் இதை வாய்ப்பாடு மாதிரி கத்தச் சொல்வார்கள். மறந்தவனுக்குத் தண்டனை 'அ ழெனூ', அதாவது மண்டி போடுவது. முழங்காலுக்கு இக்ஸ் போட மறந்த குற்றத்துக்காக முழங்காலிலேயே அரைமணி நேரம் நின்றவன் நான். இப்போது எனக்கு 75 முடிந்துவிட்டது. அந்த வாத்தியாரே எழுந்து வந்து மண்டி போடச் சொன்னாலும் முடியாது. போட்டால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்புக்குத் தேதி போட்டவனுக்கு அது ஒரு குறைதான். ஓய்வு பெற்ற புதிதில் தினமும் சாயங்காலம் அரசலாற்றங்கரை நடைபாதையில் கடற்கரை வரை போய், கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பிறகு பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போக ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெஞ்சே எல்லை ஆனது. அதற்கும் அப்புறம், 'இன்னிக்கு வெயில் அதிகம்', 'இன்னிக்குக் காத்து அதிகம்' என்று வீட்டிலேயே இருக்கத் தொடங்கினேன். அப்பாவின் திதிக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது, மந்திரம் சொல்ல வந்தவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அன்றைக்குத்தான் வெட்கமாகப் போய் டாக்டரைப் பார்த்தேன்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு 'கிரேடு 3' என்றார். இந்தக் கணக்கு 1957-ல் இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் போட்டது. சுழியத்திலிருந்து நான்கு வரை. நான்கு என்றால் எலும்பும் எலும்பும் உரசுகிற நிலை. எனக்கு அதற்கு ஒரு படி கீழே. மாத்திரை நிறைய போட வேண்டாம், சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் கேட்கும், ஆனால் எனக்குச் சர்க்கரை இருப்பதால் சில நாள் ஏறிவிடும், வாரக்கணக்கில்தான் பலன் நிற்கும் என்றார். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது. "அதுவரைக்கும் ஜெல் ஊசி போட்டுக்கலாம் அய்யா. ஹையலூரானிக் ஆசிட். வண்டிக்கு ஆயில் விடற மாதிரி."

அதில் இரண்டு விதம் இருக்கிறதாம். ஒரே தடவை போடுகிற பெரிய ஊசி, 22,000 ரூபாய் சொன்னார்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம் போடுகிற சின்ன ஊசி, ஒன்று 3,800 வீதம் 11,400. இதெல்லாம் ஒரு முட்டிக்கு. "யோசிச்சு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

யோசிப்பது என்றால் குமாஸ்தாவுக்கு ஒரே வழிதான் தெரியும். ஒரு கோப்பு திறந்தேன். பழைய கோப்பு அட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் வெள்ளைத்தாள் வைத்து, இடது ஓரத்தில் கோடு போட்டு, 'பொருள்: வலது முழங்கால்' என்று எழுதினேன். பேரன் சென்னையிலிருந்து கணினியில் தேடிக் கொடுத்ததையெல்லாம் சுருக்கி எழுதிக்கொண்டேன். அதிலிருந்து கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது.

முழங்கால் மூட்டுக்குள் இயற்கையாகவே ஒரு வழவழப்பான திரவம் உண்டு. நல்ல முட்டியில் அது ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அதற்கு அந்த வழவழப்பைத் தருவது இந்த ஹையலூரானிக் அமிலம். 1934-ல் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாட்டின் கண்ணுக்குள் இருக்கிற பாகு போன்ற பொருளிலிருந்து முதலில் இதைப் பிரித்தார்கள். கண்ணாடியைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. பிறகு ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ் என்ற விஞ்ஞானி இதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கும் வழியைக் கண்டார். ஆமாம், சேவலின் தலையில் சிவப்பாக நிற்குமே, அந்தக் கொண்டைதான். 1997-ல் அமெரிக்காவில் முழங்கால் ஊசியாக அனுமதி கிடைத்தது. ஹையல்கன் என்று ஒன்று, சின்விஸ்க் என்று ஒன்று, இரண்டும் சேவல் கொண்டையிலிருந்து வந்தவைதான்.

ஊசிக்கு ஊசி வித்தியாசம் எதில் என்றால், அந்த மூலக்கூறின் நீளத்தில். ஹையல்கன் மாதிரியானவற்றில் மூலக்கூறு எடை ஐந்து முதல் ஏழு லட்சம் டால்டன் வரை. சின்விஸ்கில் இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்துவிடுவதால் 60 லட்சம் வரை போகும். பிணைத்தது கெட்டியாக இருக்கும், மூட்டுக்குள் அதிக நாள் தங்கும். அதனால்தான் 6 மில்லியை ஒரே தடவையில் போட்டுவிட்டு அனுப்புகிறார்கள். பிணைக்காதது சீக்கிரம் கரைந்துபோகும் என்பதால் 2 மில்லி வீதம் வாராவாரம். இது ஒன்றும் ரகசியமில்லை, ஆனால் எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை.

சேவல் கொண்டை விஷயத்தை வீட்டில் சொன்னேன். நாங்கள் சைவம். என் மனைவி சஷ்டி விரதம் இருப்பவள்.

"முருகன் கொடியிலேருந்து எடுத்து முட்டியில போடப் போறீங்களா?" என்றாள்.

இப்போது நிறைய ஊசிகள் கோழி இல்லாமல் பாக்டீரியாவை வைத்து நொதிக்க வைத்து எடுக்கிறார்கள் என்று படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப தயிர் மாதிரி. பரவாயில்லை" என்றாள். இப்படியாகக் கோப்பில் ஓர் ஆட்சேபணை தீர்ந்தது.

அடுத்து எங்கள் சொல்தா அண்ணனைப் போய்ப் பார்த்தேன். காரைக்கால்காரர்களுக்குச் சொல்தா என்றால் விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, அந்தப் பென்ஷன் வாங்குகிற நம்மூர்க்காரர்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பா கொடுக்கவில்லை. 'ஊரை விட்டு எங்க போகப் போறோம்' என்று சொல்லிவிட்டார். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு தேசம். சின்ன வயதில் அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது உண்டு.

அண்ணன் பிரான்சில் மகள் வீட்டில் இருந்த வருஷங்களில் இரண்டு முட்டியிலும் இந்த ஊசி போட்டுக்கொண்டவர். "அங்க காசு கட்டினா செக்கூரித்தே சோசியால் திருப்பிக் கொடுத்திடும் தம்பி. 2017-ல நிறுத்திட்டாங்க" என்றார்.

"ஏன் நிறுத்தினாங்க?"

"பலன் போதாதுன்னுட்டாங்க. டாக்டருங்க எல்லாம் சத்தம் போட்டாங்க, எங்க ஆளுங்களும் சத்தம் போட்டாங்க. ஒண்ணும் நடக்கல."

"உங்களுக்குப் பலன் இருந்துதாண்ணே?"

தன் முட்டியைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "போட்ட வருஷம் நடந்தேன். போடாத வருஷமும் நடந்தேன்" என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பழைய மருந்துப் பெட்டியை எடுத்து, உள்ளே மடித்திருந்த தாளை என்னிடம் கொடுத்தார். பிரெஞ்சில் இருந்தது. அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் 'ழெனூ' என்ற சொல்லை அச்சில் பார்த்தேன். பன்மையில் சரியாக இக்ஸ் போட்டிருந்தார்கள்.

ஒரு பணக்கார நாடு, பல வருஷம் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறது. இது கோப்பில் முக்கியமான குறிப்பு. பேரனிடம் சொன்னேன், அவன் இன்னும் தேடினான். அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 2013-லேயே இதைப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் கொடுக்காதீர்கள் என்கிறது. வேறு சில சங்கங்கள் சிலருக்குக் கொடுக்கலாம் என்கின்றன. 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 169 ஆய்வுகளை, 21,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொல்வார்களாம். ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்கவே முடியாத வலி. ஒப்பிடுவதற்காகப் போடுகிற வெறும் ஊசியைவிட இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், சுமார் 2 மில்லிமீட்டர்.

மேசை இழுப்பறையில் என் ஆபீஸ் ஸ்கேல் இருக்கிறது, மரத்தில் செய்தது. எடுத்து 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டேன். அதில் 2 மில்லிமீட்டரைக் குறித்தேன். பென்சில் முனை கொஞ்சம் மழுங்கியிருந்ததால் அந்தக் குறியே ஒரு மில்லிமீட்டரைச் சாப்பிட்டுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, வெறும் ஊசி போட்டவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்திருக்கிறது என்பது. ஊசி, டாக்டரின் கை, செலவு செய்த காசு, 'இனிமேல் சரியாகும்' என்கிற நினைப்பு, இதெல்லாம் சேர்ந்து ஏதோ வேலை செய்கிறது. அண்ணன் சொன்ன 'போட்ட வருஷம் நடந்தேன்' அதுதானோ என்னவோ.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஊசி போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்பீர்கள். ஆனி வந்துகொண்டிருந்தது. மாங்கனித் திருவிழா. அம்மையார் பிறந்த ஊரில் பிறந்தவனுக்கு அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது தண்டனை. பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். ஆறு வயதிலிருந்து அந்தக் கூட்டத்துக்குள் நடந்திருக்கிறேன். போன வருஷம் பேரனின் மகனை, அதாவது என் கொள்ளுப்பேரனை, முதன்முதலாக அழைத்து வருகிறார்கள் என்று செய்தி. அவனைக் கைப்பிடித்துப் பாரதியார் வீதியில் நடக்க வேண்டும் என்று ஆசை. 2 மில்லிமீட்டர் எனக்குக் கிடைத்தால் போதும் என்று தோன்றிவிட்டது. கோப்பில் இதை எழுதவில்லை.

மூன்று ஊசியைத்தான் தேர்ந்தெடுத்தேன். பாதி விலை என்பது ஒன்று. முதல் ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் மிச்சத்தை நிறுத்திவிடலாம் என்பது இன்னொன்று. சிலருக்குப் போட்ட மறுநாள் முட்டி வீங்கிச் சுடுமாம். பெரிய ஊசி ஒரேயடியாக உள்ளே போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாதே. தவணை முறையில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை. முட்டிச் சிப்பிக்குப் பக்கவாட்டில் ஊசியை ஏற்றி, முதலில் உள்ளே தேங்கியிருந்த நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது. பிறகு அதே ஊசி வழியாக மருந்து. பயந்த அளவு வலி இல்லை. இரண்டு நாள் அதிகம் நடக்க வேண்டாம், ஐஸ் வையுங்கள் என்றார்கள். கூடவே அங்கிருந்த பிசியோதெரபிப் பெண் தொடைக்கு இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். படுத்துக்கொண்டு முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அதை அழுத்த வேண்டும். "தாத்தா, ஒரு கிலோ குறைச்சீங்கன்னா ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ குறையும்" என்றாள். இதுவும் ஆய்வில் கண்டதுதான், பேரன் சரிபார்த்துச் சொன்னான். ராத்திரி சோற்றை நிறுத்தினேன்.

மூன்றாவது ஊசிக்கு என் மனைவியும் கூட வந்தாள். ஊரிலிருந்து வரும் குழந்தைக்கு ஏதோ வாங்க வேண்டும் என்று. ஊசி முடிந்து வெளியே வந்தோம். வாசலில் நாலு படி. நான் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் வந்த பிசியோதெரபிப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாட்டி, எத்தனை நாளா இப்படி இறங்கறீங்க?"

"அது ஆச்சும்மா, ஏழெட்டு வருஷம்."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது முட்டி கிரேடு 4. இடது கொஞ்சம் தேவலை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. "இவங்களுக்கு ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லீங்க. மாத்தணும்" என்றார். அந்த வார்த்தைக்கு அவரை இன்றும் மதிக்கிறேன். 22,000 ரூபாய் ஊசியை அவளுக்கு விற்றிருக்கலாம், நானும் வாங்கியிருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதா? யாரு காபி போடறது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம அம்மையாருக்கும் முட்டி வலியா இருந்திருக்கும். அதான் கயிலைக்குத் தலையால நடந்து போயிட்டாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அடுக்களைக்குள் போய் நின்றேன். நாற்பத்தெட்டு வருஷமாக நான் அதிகம் நிற்காத இடம். அரிசி டின் தரையில் இல்லை, ஒரு முக்காலிமேல் ஏறியிருந்தது. புளிப்பானை மேடைக்கு வந்திருந்தது. அஞ்சறைப் பெட்டி, எண்ணெய்த் தூக்கு, குனிந்து எடுக்க வேண்டியது எல்லாமே இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. அரிவாள்மணையைக் காணோம், கத்தி இருந்தது. வாசலில் ஒட்டுக் கோலம். எப்போது இந்த வீடு இரண்டடி மேலே போனது என்று எனக்குத் தெரியாது. ஏழு வருஷமாக அதற்குள் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் ஒரு முட்டிக்கு மட்டும் கோப்பு திறந்து, கோடு போட்டு, பொருள் எழுதியவன்.

திருவிழாவுக்கு நடந்தேன். கொள்ளுப்பேரன் பாதி தூரம் நடந்தான், மீதி தூரம் அவன் அப்பா தோளில். வலி இருந்தது, ஆனால் தாங்குகிற மாதிரி இருந்தது. ஊசியா, தொடைப் பயிற்சியா, குறைந்த நாலு கிலோவா, அன்றைய சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவள் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

மார்கழியில் எனக்கு வலி திரும்பி வந்துவிட்டது. "இன்னொரு தடவை போட்டுக்க தம்பி" என்று சொல்தா அண்ணன் சொன்னார். அந்தப் பணம் வேறு செலவுக்கு ஒதுங்கிவிட்டது. தை மாதம் அவளுக்கு வலது முட்டி மாற்றினோம். மாற்று மூட்டுக்கு மத்திய அரசின் விலைக் கட்டுப்பாடு இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். முன்பு சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 2017-ல் 54,720 ரூபாய், வரி தனி, என்று உச்சவரம்பு வைத்தார்கள். தேதி ஆகஸ்ட் 16. நம்மூர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே நாள், 55 வருஷம் கழித்து. மூட்டுக்கு மட்டும்தான் வரம்பு. அறை வாடகை, டாக்டர் கட்டணம், மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். பில் கொடுக்கும்போது மூட்டின் பெயரும் விலையும் தனியாக எழுதிக் கேளுங்கள். நான் கேட்டபோது கணக்குப் பிரிவில் இருந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் எழுதிக் கொடுத்தான்.

முதல் மூன்று வாரம் பெரும்பாடு. மடக்கச் சொல்லும்போது கண்ணீர் விட்டாள். அந்த நாட்களில் காபி நான் போட்டேன். முதல் நாள் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், "டிகாஷன்ல தண்ணி ஊத்தறீங்களா, தண்ணியில டிகாஷன் ஊத்தறீங்களா?" என்றாள்.

இந்த வருஷ மாங்கனிக்கு என் முட்டி ஒத்துழைக்கவில்லை. அதே திண்ணையில், அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். ரொம்ப நேரம் கண்ணில் படவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சப்பரம் தாண்டிப் போன பிறகு, முகமெல்லாம் வேர்வையாக வந்து படியேறினாள், முன்பக்கமாகவே. முந்தானையில் ஒரு மாம்பழம், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து அதை அறுத்தாள். நசுங்காத பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் எனக்கு வைத்தாள். "சர்க்கரை இருக்கு உங்களுக்கு, இது போதும்" என்று மிச்சத்தை அவளே சாப்பிட்டாள்.